முதல்ல காத்து, அப்புறம் திருகு

மவுண்டன் பைக் வாங்கின நிறைய பேரு முன் சக்கரத்த பிடிச்சிருக்கற சஸ்பென்ஷன் ஃபோர்க்ல கீழ இருக்கற ரீபவுண்ட் திருகைத்தான், அதாவது அமுங்கின ஃபோர்க் எவ்வளவு வேகமா மேல வரணும்னு வைக்கற திருகைத்தான், மொதல்ல நோண்டுறாங்க, அட ஃபோர்க் உள்ள இருக்கற காத்த பாருங்கப்பா! ஃபோர்க் குழாய்ல இருக்கற ரப்பர் வளையத்த, குழாய் உள்ள போற வாய்ல இருக்கற சீல் வரைக்கும் தள்ளிட்டு, ஹெல்மெட், பை எல்லாத்தோடயும் மெதுவா ஏறி பெடல் மேல எந்திரிச்சு நின்னு, ஆட்டாம இறங்குங்க, டிராவல், அதான் ஃபோர்க் மொத்தமா அமுங்கற தூரம், 120 மிமீன்னா வளையம் சுமாரா 24லேருந்து 30 மிமீ நகர்ந்திருக்கணும், அதுக்கு மேல போனா காத்து பத்தல. ஷாக் பம்ப்லதான் அடிக்கணும், டயர் பம்ப் வேணாம்.

காத்த மாத்தினா ரீபவுண்டையும் திரும்ப பாக்கணும். ரொம்ப ஸ்லோவா வச்சா, அடுத்தடுத்து கல்லு வர்றப்போ ஃபோர்க் மேல வர்றதுக்குள்ள அடுத்த அடி விழுந்து அமுங்கிக்கிட்டே போயி கட்டை மாதிரி ஆயிடும், ரொம்ப ஃபாஸ்டுன்னா ஹேண்டில்பாரே கைய தூக்கி அடிக்கும். கம்ப்ரஷனா, அதாவது ஃபோர்க் அமுங்கற வேகத்த கட்டுப்படுத்தற திருகா? இப்போதைக்கு முழுசா தொறந்தே விடுங்க, அதான் என் கட்சி.