28 நாள் மாதம்

ரீசார்ஜ் ஆப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது 'உங்களுக்காகவே' என்ற தலைப்புதான். அதன் கீழே இருக்கும் திட்டம் எப்போதும் நாம் போட்டிருப்பதைவிட ஒரு படி விலை கூடியதாகவே இருக்கும். நமக்காக யோசிக்கிற எந்த கம்பெனியும் நம் செலவைக் குறைக்க யோசித்ததாகச் சரித்திரம் இல்லை. அப்புறம் 'பிரபலமானவை', 'டேட்டா', 'நீண்ட வேலிடிட்டி', 'பொழுதுபோக்கு', 'டாப்-அப்' என்று வரிசையாகத் தலைப்புகள். எதைத் தொட்டாலும் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் கட்டங்கள். இந்தக் கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் என்ன வேறுபாடு என்று தேடுவதற்கு, வாரப் பத்திரிகையில் வரும் 'ஆறு வித்தியாசம்' எவ்வளவோ தேவலை.

நம்மில் பெரும்பாலானவர்கள் இதையெல்லாம் படிப்பதில்லை. போன தடவை போட்டதையே இந்தத் தடவையும் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். என் அப்பா படிப்பார். மேலிருந்து கீழ் வரை படிப்பார். நட்சத்திரக் குறி இருந்தால் அது எங்கே போய் முடிகிறது என்று கடைசி வரை தேடிப் படிப்பார். கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உத்தியோகத்தில் இருந்துதான், கணக்கில் இருந்து இல்லை.

'உங்கள் திட்டம் இன்று நள்ளிரவுடன் முடிகிறது' என்று மெசேஜ் மேல் மெசேஜ் வந்துகொண்டிருந்த அன்று, அவர் பழைய டைரி ஒன்றையும் சிவப்புப் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டைரியில் கோடு போட்டு, நாள், டேட்டா, எஸ்எம்எஸ், 'இதர' என்று பத்தி பிரித்தாகிவிட்டது.

"டேய், கொஞ்சம் இங்க வா. மாசம் மாசம்னு போட்டிருக்கானே, எந்த மாசத்துக்குடா 28 நாள்?"

"பிப்ரவரிக்குப்பா."

"அப்போ இவங்களுக்கு வருஷம் பூரா பிப்ரவரியா?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. அவர் சொல்வதும் சரிதான். 28 நாள் பேக் போடுகிறவர் வருடத்துக்கு 12 தடவை ரீசார்ஜ் செய்தால் போதாது, 13 தடவை செய்ய வேண்டும். 13 தடவை செய்தாலும் 364 நாள்தான் வரும். மிச்சம் இருக்கிற ஒரு நாள் அப்பாவைப் பாடாய்ப் படுத்தியது. லீப் வருடமானால் அது இரண்டு நாள் என்று நான் வாயை விட்டேன். சிவப்புப் பேனா அதையும் குறித்துக்கொண்டது.

84 நாள் பேக்கில் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. மூன்று மாதம் போலத் தெரியும், ஆனால் 28 நாளை மூன்றால் பெருக்கியதுதான் அது. நான்கு தடவை போட்டால் 336 நாள். வருடம் முடிய இன்னும் 29 நாள் பாக்கி. அதாவது ஒரு 28 நாள் பேக், அதற்கு மேல் அந்த ஒரு நாள். "அந்த ஒரு நாள் விட மாட்டேங்குதுடா" என்றார் அப்பா. குரலில் கிட்டத்தட்ட மரியாதையே இருந்தது.

28க்கு ஒரு நல்ல குணமும் உண்டு என்று எடுத்துச் சொன்னேன். சரியாக நான்கு வாரம் என்பதால், முடிகிற அன்றே மறுபடி போட்டுக்கொண்டு வந்தால் எப்போதும் ஒரே கிழமையில்தான் முடியும். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமையேதான். அப்பா இதைக் கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். டைரியில் ஏறவில்லை.

"பேசாம 365 நாள் திட்டம் போட்டுடலாமே. ஒரு தடவை போட்டா வருஷத்துக்கும் கவலை இல்லை" என்றேன்.

"என் வயசுல 365 நாளைக்கு முன்பணமா? நான் இருக்கேனோ இல்லையோ, அவனுக்கு லாபம்."

உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது. "சாயங்கால நேரத்துல நல்ல வார்த்தையா பேசுங்க."

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். கொஞ்ச நாளாகவே அம்மாவுக்கு அப்பாவின் மேல் கரிசனம் கூடியிருந்தது. சாயங்காலம் அவர் செருப்பை மாட்டினால் போதும், "இப்ப எங்க கிளம்பிட்டீங்க? இப்படி உட்காருங்க, காலையில நடந்தது போதும்" என்பாள். மொட்டை மாடிக்குப் போனால்கூட இரண்டு நிமிடத்தில் கீழே இருந்து கூப்பிடுவாள். இத்தனை வருடக் குடும்பத்தில் இல்லாத பாசம். அப்பா வெளியே அலுத்துக்கொள்வார், உள்ளுக்குள் ஏகப் பெருமை. சித்தப்பாவிடம் போனில் சொல்லிக்கூடக் கேட்டிருக்கிறேன், "உங்க அண்ணி என்னை வெளிய விடமாட்டேங்குறாடா" என்று.

சரி, திட்டத்துக்கு வருவோம். நாள் கணக்கு முடிந்து 'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்கு வந்தோம். அதன் தலையில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே போனால், அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகும் என்று எறும்பு எழுத்தில் இருந்தது.

"64ன்னா நல்ல வேகம்தானே?"

"கிலோ பிட்டுப்பா. பைட் வேணும்னா எட்டால வகுக்கணும். நொடிக்கு 8 கிலோ பைட்தான் வரும்."

"நமக்குக் குடுக்கிற டேட்டாவை எதுல சொல்றான்?"

"ஜிபி. அது பைட்."

"அளவைச் சொல்றப்ப பைட்டு, வேகத்தைச் சொல்றப்ப பிட்டா? எங்க ஆபீசுல எவனாவது வரவை ஒரு அலகுலயும் செலவை வேற அலகுலயும் எழுதியிருந்தா அன்னைக்கே மெமோ குடுத்திருப்பேன்."

பேனா வேலை செய்தது. குடும்ப குரூப்பில் யாராவது 3 எம்பி போட்டோ ஒன்று அனுப்பினால், அந்த வேகத்தில் அது வந்து சேர 375 நொடி, ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவும் டவர் ஒழுங்காகக் கிடைத்தால். நின்று போகவில்லை, ஆனால் நகரவும் இல்லை என்கிற நிலைக்கு 'அன்லிமிடெட்' என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர்தான்.

அடுத்தது தினம் 100 எஸ்எம்எஸ். இதை யார் பார்க்கிறார்கள் என்று நான் தாண்டிப் போகப் பார்த்தேன். அப்பா விடவில்லை. சித்தப்பா இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார், இருவருக்கும் நடுவே எஸ்எம்எஸ் போக்குவரத்து நடக்கிறது. அதுவும் தமிழில், அதுவும் கடிதம் மாதிரி. 'அன்புள்ள தம்பிக்கு, நலம், நலமறிய ஆவல்.' என்று தொடங்காமல் அப்பா யாருக்கும் எழுத மாட்டார்.

ஒரு எஸ்எம்எஸ்ஸில் இருப்பது 140 பைட் இடம். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து பிடிக்கும். தமிழ் யூனிகோடில் போகிறது, ஒவ்வொன்றுக்கும் 16 பிட், ஆகவே 70தான். அதிலும் நாம் ஓர் எழுத்து என்று நினைப்பதை போன் அப்படி நினைப்பதில்லை. புள்ளிக்குத் தனி இடம், கொம்புக்கும் கொக்கிக்கும் தனி இடம். 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஏழு. அப்பாவின் 'நலமறிய ஆவல்' வரையிலான முகவுரையை எண்ணிப் பார்த்தோம். இடைவெளி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து 38. விஷயத்துக்கே வரவில்லை, பாதி எஸ்எம்எஸ் காலி. 70ஐத் தாண்டினால் அது இரண்டு மூன்றாகப் பிரிந்து போய் அங்கே ஒட்டிக்கொள்ளும். ஒட்டுகிற வேலைக்கும் கொஞ்சம் இடம் பிடித்துக்கொள்வதால் துண்டுக்கு 67தான் மிஞ்சும்.

"அப்போ நான் ஒண்ணுன்னு நினைச்சு அனுப்பினதெல்லாம் நாலஞ்சா போயிருக்கா?"

"ஆமாம்பா. உலகத்துல முதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3ஆம் தேதி போச்சு. வெறும் 'மெரி கிறிஸ்துமஸ்'. ஆங்கிலத்துல 15 இடம். அனுப்பினவர் அதோட நிறுத்திக்கிட்டார்."

"நலம் விசாரிக்காம வாழ்த்து மட்டும் சொல்றது என்ன பழக்கம்?" என்று கேட்டுவிட்டு, எஸ்எம்எஸ் பத்தியில் 100 என்று இருந்ததை அடித்து 25 என்று எழுதினார். கறாரான தணிக்கை.

'இதர' பத்தி சீக்கிரம் முடிந்தது. படம் பார்க்க இலவசச் சந்தா என்று இருந்தது, பக்கத்திலேயே 'மொபைலில் மட்டும்' என்றும் இருந்தது. டிவியில் வராதா என்றார். வராது என்றேன். ஒரு கோடு. காலர் டியூன், இன்னொரு கோடு.

போஸ்ட்பெய்டுக்கு மாறிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். முதலில் பேசிவிட்டு அப்புறம் பில் வரக் காத்திருப்பது அவர் அகராதியில் கடன். மொபைலில் ப்ரீபெய்டு முறையை 1995ல் போர்ச்சுகலில் டிஎம்என் நிறுவனம் 'மிமோ' என்ற பெயரில் கொண்டுவந்தது. அப்பா அங்கே பிறந்திருந்தால் முதல் நாளே வரிசையில் நின்றிருப்பார். கையில காசு, வாயில தோசை. அவ்வளவுதான் அவர் பொருளாதாரம்.

கடைசியாக, முக்கியமான கேள்விக்கு வந்தோம். ஒரு நாளைக்கு எவ்வளவு டேட்டா வேண்டும்? என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். ஆனால் எல்லோரும் கடையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நமக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கிறோம்.

"எனக்கு ஒரு ஜிபியே அதிகம். செய்தி படிக்கிறேன், கொஞ்சம் பழைய பாட்டு கேக்கறேன். ஆனா தினம் 1.5 ஜிபியும் காலியாயிடுதே! சாயங்காலம் அஞ்சுக்கு 50 சதவீதம் முடிஞ்சதுங்கறான், ஏழு மணிக்கு 90ங்கறான். கள்ளக் கணக்கு எழுதறான்டா."

கம்பெனியின் மேல் எனக்கும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. இருந்தாலும் செட்டிங்ஸில் டேட்டா உபயோகம் என்று ஒரு பக்கம் இருக்கிறதே, அதைத் திறந்து பார்த்துவிடலாம் என்றேன். போகும் வழியிலேயே சந்தேகப்பட வேண்டியவர்களைப் பட்டியல் போட்டேன். தானாக ஓடும் வீடியோ, தானாக மேலே ஏறும் போட்டோ, கேட்காமலே அப்டேட் ஆகும் ஆப்கள். ஹெச்டி வீடியோ ஒன்றே போதும், மணிக்கு 1 முதல் 3 ஜிபி வரை விழுங்கிவிடும்.

பக்கம் திறந்தது. எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று பெரியதில் இருந்து சிறியதாக வரிசை. செய்தி ஆப் கீழே எங்கேயோ பரிதாபமாகக் கிடந்தது. பாட்டு அதற்குக் கொஞ்சம் மேலே. எல்லாவற்றுக்கும் தலைமேல், மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் எட்டாத நீளத்தில் ஒரு நீலக் கோடு. பக்கத்தில் 'ஹாட்ஸ்பாட்' என்று இருந்தது.

"இது என்ன ஆப்புடா? நான் இதைப் போடவே இல்லையே."

"ஆப் இல்லப்பா. உங்க போன்ல இருந்து வேற யாரோ நெட் எடுக்கறாங்க."

"யாரு? பக்கத்து வீடா?"

இணைந்திருக்கும் கருவிகள் என்ற இடத்தைத் தொட்டேன். ஒன்றே ஒன்று இருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினோம். மேடையில் டப்பாவின் மேல் சாய்த்து வைத்த போனில், ஒரு மாமியார் ஒரு மருமகளை மூன்று கோணங்களில் முறைத்துக்கொண்டிருந்தார். துல்லியமான படம். ஹெச்டிதான்.

விசாரணையில் வெளிவந்தது இது: விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி செய்து கொடுத்த ஏற்பாடு. பாஸ்வேர்டு 'தாத்தா123'. தாத்தாவிடம் சொல்ல வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவின் முகத்தில் குற்ற உணர்ச்சி மருந்துக்கும் இல்லை.

"அதான் நாலு நாளா சுத்திக்கிட்டே இருந்துச்சு" என்றாள். "நீங்க மாடிக்குப் போனா அடியோட நின்னுடுது. தெருமுனைக்குப் போனா சுத்தம்."

அப்பா பேனாவைக் கீழே வைத்தார். மாடிக்குப் போனாலே கூப்பிட்டது, செருப்பை மாட்டினாலே தடுத்தது, எல்லாம் ஒவ்வொன்றாக அவர் கண்ணுக்குப் பின்னால் கூட்டல் ஆவதைப் பார்க்க முடிந்தது. சித்தப்பாவுக்குத் திருத்தம் அனுப்ப வேண்டியிருக்கும், அதற்கு எப்படியும் நாலு எஸ்எம்எஸ்.

ஆனாலும் கணக்குக்காரர் இல்லையா, சுதாரித்துக்கொண்டார். டைரியில் புதுப் பக்கம் திருப்பி, மேலே அம்மாவின் பெயரை எழுதிக் கோடு போட்டார். "சரி, உனக்குத் தனியா ஒரு திட்டம் போட்டுடலாம். தினம் எத்தனை மணி நேரம் பாக்குற, சொல்லு."

"எனக்கு எதுக்குத் தனியா தண்டச் செலவு? உங்களுதே நல்லா வருது. அதையே கொஞ்சம் பெருசா போடுங்க."

கடைசியில் அப்படித்தான் ஆயிற்று. தினம் 2 ஜிபி, 84 நாள். இத்தனை பத்திகளும் சிவப்புக் கோடுகளும் கடந்து, ஆப்பில் 'உங்களுக்காகவே' என்று முதலில் காட்டிய அதே திட்டம். பணம் போன அடுத்த நொடி 'வாழ்த்துகள்' என்று மெசேஜ் வந்தது. அப்பா அதைப் படிக்காமலே எழுந்து செருப்பை மாட்டினார்.

"நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்."

நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். இந்தத் தடவை தடை எதுவும் வரவில்லை.

"தாராளமா போயிட்டு வாங்க" என்றாள் அம்மா. "போனை மட்டும் வெச்சுட்டுப் போங்க."