ரவி அண்ட் ஐ-யா, ரவி அண்ட் மீ-யா?

அலுவலக மெயில்களில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் இது: 'ப்ளீஸ் சென்ட் தி ரிப்போர்ட் டு ரவி அண்ட் ஐ.' எழுதியவருக்கு ஆங்கிலம் வராது என்று நினைக்காதீர்கள், ஓரளவு நன்றாக வருகிறவர்கள்தான் இப்படி எழுதுவார்கள். பள்ளியில் 'மீ அண்ட் ரவி வென்ட்' என்று சொல்லி டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, 'ரவி அண்ட் ஐ' என்று திருத்தப்பட்டு, அப்புறம் 'அண்ட்' வந்தாலே பின்னால் 'ஐ' போடுவதுதான் மரியாதை என்று மனதில் பதிந்துவிடுகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிறந்து வளர்ந்தவர்களே இதைச் செய்கிறார்கள், அதனால் நாம் ரொம்ப வெட்கப்பட வேண்டியதில்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ரவியைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிடுங்கள். 'சென்ட் இட் டு ஐ' என்று யாராவது சொல்வார்களா? 'டு மீ' தானே. அப்படியானால் ரவி திரும்பி வந்தாலும் 'டு ரவி அண்ட் மீ' தான். 'மீ வென்ட்' என்று சொல்ல மாட்டோம், எனவே அங்கே 'ரவி அண்ட் ஐ வென்ட்'. 'பிட்வீன்' வந்தால் மட்டும் ஒரு ஆளை வெளியே அனுப்ப முடியாது, இரண்டு பேர் வேண்டுமே. அங்கே 'வீ', 'அஸ்' இரண்டையும் வைத்துப் பாருங்கள். 'பிட்வீன் அஸ்' காதுக்குச் சரியாக இருக்கிறது, 'பிட்வீன் வீ' இடிக்கிறது. ஆகவே 'பிட்வீன் யூ அண்ட் மீ'. (ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் அன்டோனியோ எழுதும் கடிதத்தில் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்றுதான் இருக்கிறது. இன்டர்வியூவில் அந்தச் சாக்கு எடுபடாது.)

தமிழில் இந்தக் குழப்பம் வருவதே இல்லை. 'ரவிக்கும் எனக்கும் அனுப்புங்கள்' என்கிறோம், இரண்டு பேர் மீதும் வேற்றுமை உருபு உட்கார்ந்திருக்கிறது, 'நான்' அங்கே நுழையவே முடியாது. பழைய ஆங்கிலத்திலும் பெயர்ச்சொற்களுக்கு இப்படி விகுதிகள் இருந்தன, காலப்போக்கில் தேய்ந்துபோயின. இன்று ஐ-மீ, ஹி-ஹிம், ஷி-ஹர், வீ-அஸ், தே-தெம் என்று ஒரு கைப்பிடி மட்டும் மிச்சம். ரவி எங்கே நின்றாலும் ரவியாகவே நிற்பதால் பக்கத்தில் நிற்கும் நமக்கு அவனிடமிருந்து எந்தத் துப்பும் கிடைக்காது.

ஐ, மீ இரண்டுமே பயமாக இருக்கிறது என்று 'மைசெல்ஃப்' பக்கம் ஒதுங்குகிறவர்கள் தனி ரகம். 'மைசெல்ஃப் குமார்', 'ஃபார் டவுட்ஸ், கான்டாக்ட் மைசெல்ஃப்'. பணிவாக ஒலிக்கிறது, ஆனால் இலக்கணம் ஒத்துழைக்கவில்லை. அதே வாக்கியத்தில் 'ஐ' முன்னாலேயே வந்திருந்தால்தான் 'மைசெல்ஃப்'-க்கு வேலை: 'ஐ டிட் இட் மைசெல்ஃப்' மாதிரி. மற்றபடி 'ஐ ஆம் குமார்', 'கான்டாக்ட் மீ' போதும்.

'இட் இஸ் ஐ' தான் சரி, 'இட்ஸ் மீ' தவறு என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள். கதவைத் தட்டிவிட்டு 'இட் இஸ் ஐ' என்றால் உள்ளே இருப்பவர் திறக்க யோசிப்பார்.

ஆணா பெண்ணா தெரியாத ஒருவரை 'தே' என்பதிலும் தப்பில்லை. 'சம்ஒன் லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா' எல்லோரும் சொல்வதுதான், 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்த வழக்கு உண்டு. 'அவர்' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதில்லை, ஒரே ஆளுக்கும் 'ஆர்' போட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் சரி: 'தே ஆர்', 'தே இஸ்' இல்லை.

கடைசியாக, 'விட' என்று ஒப்பிடும் 'தேன்' (than) வரும் இடம். 'மை ஹஸ்பண்ட் லைக்ஸ் கிரிக்கெட் மோர் தேன் மீ' என்று எழுதினால் படிப்பவர் உங்களுக்காகப் பரிதாபப்படக்கூடும். உங்களைவிட அவருக்குக் கிரிக்கெட் ஆர்வம் அதிகம் என்பதுதான் விஷயம் என்றால் 'மோர் தேன் ஐ டூ' என்று எழுதுங்கள். நிஜமாகவே உங்களைவிடக் கிரிக்கெட்தான் பெரிது என்றால் 'மீ' அப்படியே இருக்கட்டும்.