36 சதுரங்களில் ஒரு ஹுப்பா

யூதத் திருமணம் நடப்பது நான்கு கம்பங்களில் கட்டிய துணிக்குக் கீழே. அந்தப் பந்தலுக்கு ஹுப்பா என்று பெயர். நான்கு பக்கமும் திறந்திருக்கும். வழிப்போக்கர் எல்லாரையும் வரவேற்ற ஆபிரகாமின் கூடாரம் என்று விளக்கம் சொல்வார்கள். ஒரு ஜெப ஆலயச் சபையில் எல்லாரும் கைவைத்து ஒரு கலைப்பொருள் செய்வதென்றால், சுவரோவியத்தைவிட ஹுப்பாவே மேல். ஆளுக்கொரு துணிச் சதுரத்தில் படம் வரைந்து, எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்தால் பந்தல் தயார். கல்யாணத்துக்குக் கல்யாணம் பயன்படும், மற்ற நாளில் சுவரில் தொங்கும்.

வேலை முதலில் சிக்கிக்கொள்வது தலைப்பில்தான். "நம் சபையின் விழுமியங்களை வரையுங்கள்" என்றால் தாவீதின் நட்சத்திரம், புறா, மரம் மூன்றும் திரும்பத் திரும்ப வரும். சொல்லைக் கொடுக்காமல் செயலைக் கேட்பது நல்லது. 'பிக்கூர் ஹோலிம்', அதாவது நோயாளியைப் போய்ப் பார்ப்பது, என்று தலைப்புத் தருவதற்குப் பதில், "நீங்கள் படுத்துக் கிடந்தபோது இங்கிருந்து யார் என்ன கொண்டுவந்தார்கள்?" என்று கேளுங்கள். சூப் பாத்திரம் வரும், மாத்திரை டப்பா வரும், வாசலில் கழற்றிவிட்ட பனிக்காலணி வரும். உலகம் தோரா (யூத மறை), வழிபாடு, அன்புச் செயல்கள் என்ற மூன்றின்மேல் நிற்கிறது என்பது 'பிர்க்கே ஆவோத்' என்ற யூத அறவுரை நூலின் முதல் அதிகாரத்தில் வரும் வாக்கு. அதன்படி மூன்றில் ஒவ்வொன்றுக்கும் 12 சதுரம் ஒதுக்கினால் 36. எபிரெய எழுத்துகளுக்கு எண் மதிப்பும் உண்டு. 'ஹை' (உயிர்) என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 18. 36 அதன் இரட்டிப்பு என்பதால் இந்த எண்ணுக்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை.

கணக்கு இது. தைத்து முடித்தபின் ஒரு சதுரம் 25 செ.மீ. இருக்க வேண்டும். வரிசைக்கு ஆறு, இடையில் 5 செ.மீ. பட்டை, சுற்றிலும் 10 செ.மீ. கரை. மொத்தம் 195 செ.மீ. சதுரம். துணியை 30 செ.மீ. துண்டுகளாக வெட்டி, நடுவில் பென்சிலால் 25 செ.மீ. கட்டம் போட்டுக் கொடுங்கள். முக்கியமான எதுவும் உள்ளே 22 செ.மீ.க்குள் அடங்கட்டும். 36 போதாது, 42 வெட்டுங்கள். சில திரும்பி வராது, சிலவற்றில் காபி கொட்டும். 110 செ.மீ. அகலப் பருத்தியில் இதற்கு 4.2 மீட்டர் ஆகும். துவைத்தால் சுருங்கும் என்பதால் 5 மீட்டர் வாங்குங்கள். பட்டைக்கும் கரைக்கும் 2.5 மீட்டர், பின்துணிக்கு இரண்டு அகலம் சேர்த்து 4.5 மீட்டர். எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன்பே துவைத்து இஸ்திரி போட்டுவிட வேண்டும். பிறகு துவைத்தால் பட்டை ஒரு மாதிரியும் சதுரம் ஒரு மாதிரியும் சுருங்கி, முழுத் துணியும் கோணும்.

முழுக்கப் பருத்தியாகவே இருக்கட்டும். கம்பளியும் லினனும் கலந்த உடை தோராவில் விலக்கப்பட்டது. பந்தல் உடை ஆகாதுதான். ஆனாலும் பருத்தி என்றால் கேள்வியே எழாது. தைப்பது, எழுதுவது, சாயமிடுவது எல்லாம் யூத ஓய்வுநாளான சனிக்கிழமையில் கூடாத வேலைகள் என்பதால் கூடிச் செய்வதை ஞாயிறுக்கு வையுங்கள்.

எழுத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். கடவுளின் நான்கெழுத்துப் பெயர் வரும் வசனம் வேண்டாம். அந்தப் பெயரை அழிக்கக் கூடாது. துணி கிழிந்தால் குப்பையில் போடவும் முடியாது, முறைப்படி புதைக்க வேண்டும். "நான் என் நேசருடையவள், என் நேசர் என்னுடையவர்" என்ற உன்னதப்பாட்டு வரியில் இந்தச் சிக்கல் இல்லை. தாலெத், ரேஷ் என்ற இரண்டு எபிரெய எழுத்துகளுக்கும் வித்தியாசம் மேல்மூலையின் சின்ன நீட்டல் மட்டுமே. அது மழுங்கினால் 'ஒருவர்' என்ற எஹாத், 'வேறொருவர்' என்ற அஹேர் ஆகிவிடும். எபிரெயம் தெரிந்த ஒருவர் பென்சில் நிலையிலேயே பார்த்துவிட வேண்டும்.

வண்ணத்துக்கு ஐந்து நிறம் போதும். எல்லாருக்கும் அதே ஐந்து. ஆளுக்கொரு பெட்டி கொண்டுவந்தால் கண் எங்கே நிற்பதென்று தெரியாமல் தவிக்கும். ஃபேப்ரிக் பெயிண்ட் நன்றாகக் காய்ந்தபின் மேலே ஒரு துணி போட்டு, குப்பியில் சொன்ன நேரம் இஸ்திரி போட வேண்டும். இதைத் தவிர்த்தால் முதல் துவைப்பிலேயே மங்கும். பசை, மினுமினுப்புத் தூள் கூடவே கூடாது. மணமக்களின் தலையில் உதிரும். விரல் நடுங்கும் பெரியவர்களுக்குத் துணிப் பேனா கொடுத்து, அடியில் உப்புத்தாள் வைத்தால் துணி நகராது.

தைப்பதை மட்டும் இரண்டு மூன்று பேரிடம், ஒரே இயந்திரத்தில் விடுங்கள். பென்சில் கட்டத்துக்கு வெளியே தையல் ஓரம் 6 மி.மீ. விட்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். வரிசைக்குப் பத்துத் தையல். ஒவ்வொன்றிலும் ஓரம் 1 மி.மீ. கூடினால் இரு பக்கத் துண்டும் சேர்ந்து மொத்தம் 2 செ.மீ. குறையும், அடுத்த வரிசை சேராது. நடுவில் பஞ்சு வைக்காதீர்கள். மேல்துணியும் பின்துணியும் மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல் வரும். பஞ்சும் சேர்ந்தால் நடுவில் தொய்ந்து, திருமணம் நடத்தும் யூத குருவான ரபியின் தொப்பியைத் தொடும்.

பைபிளின் யாத்திராகமம் சொல்லும் ஆசரிப்புக் கூடாரத்தின் (வழிபாட்டுக் கூடாரம்) மூடுதிரைகளுக்கு ஓரத்தில் இளநீல நூலால் 50 காதுகள், அதாவது மாட்டும் வளையங்கள். இங்கே நான்கு மூலைக்கு நான்கு காது போதும். மூலையில் மூன்றடுக்குத் துணி வைத்து, நாடாவைக் குறுக்காக 10 செ.மீ. உள்ளே இழுத்துத் தையுங்கள். கிழிவது எப்போதும் அங்கேதான்.

பலரும் கட்டும்போது சதுரங்களை மேலே பார்க்க வைத்துவிடுகிறார்கள். இரண்டு மீட்டர் உயரத்துக்கு மேலே மின்விசிறிதான் அவற்றைப் பார்க்கும். கீழே பார்க்கக் கட்டுங்கள். நிமிர்ந்தால் மணமக்களுக்குத் தெரியும், எழுத்தும் நேராக இருக்கும்.

சுவரில் மாட்டாதபோது மடித்து வைத்தால் மடிப்பில் வண்ணம் வெடிக்கும். பருத்தித் துணி சுற்றிய குழாயில், வண்ணப் பக்கம் வெளியே வரும்படி சுருட்டி வையுங்கள். மிஞ்சிய சதுரங்களையும் அதே குழாயோடு போட்டுவைத்தால் ஒட்டுப்போட உதவும்.