நீராவி ஊதல் நாட்கள்

அக்டோபர் 9, வியாழன்

சர்க்கரை ஆலையின் புது பாய்லரில் ஆல்கலி பாயில்-அவுட் (காரக் கரைசலைக் கொதிக்கவிட்டு எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவது) முடிந்து டிரம் (நீரும் நீராவியும் பிரியும் உருளை) திறந்தாயிற்று. உள்சுவர் ஒரே சீரான கருப்பு. துணியால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டவில்லை. நல்லது. ஆனால் பாயில்-அவுட் சூப்பர்ஹீட்டரையும் (நீராவியை மேலும் சூடாக்கும் குழாய்கள்) டர்பைனுக்குப் போகும் மெயின் ஸ்டீம் லைனையும் தொடுவதே இல்லை. அங்கே கிடக்கும் மில் ஸ்கேல் (இரும்பின் மேல் ஆக்சைடுப் படலம்), வெல்டிங் மணி, கிரைண்டிங் தூள் எல்லாம் நீராவியால் ஊதித்தான் வெளியே போகவேண்டும். போகிற வழியில் எந்த வால்வின் சீட்டையும் (மூடும்போது அமரும் முகம்) அது கொத்திவிடக் கூடாது.

பட்டியல் போட்டதில் லைனில் 43 வால்வு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பு எழுதணும்: அப்படியே இருக்கலாம், உள்ளுறுப்பைக் கழற்றணும், அல்லது வால்வே வேண்டாம், ஸ்பூல் (வெறும் குழாய்த் துண்டு) போடணும்.

அக்டோபர் 11, சனி

பாய்லர் மெயின் ஸ்டாப் வால்வு: உள்ளுறுப்பு இருக்கும். ஊதும்போது முழுக்கத் திறந்தே இருக்கும், திறந்து மூடும் வேலைக்கு அதைத் தொடவே கூடாது. பாதி திறந்த நிலையில் துகளோடு நீராவி பாய்ந்தால் வெட்ஜும் சீட்டும் ஒரே நாளில் அரித்துப் போகும். அடி வாங்குவதற்கென்றே தற்காலிகக் குழாயில் ஒரு மோட்டார் வால்வு வைக்கிறோம், அது போனால் போகட்டும்.

மெயின் லைன் என்ஆர்வி (நீராவி திரும்பாமல் தடுக்கும் வால்வு): கவரைத் திறந்து ஃபிளாப், ஹிஞ்ச் பின் இரண்டையும் எடுத்தாச்சு. ஃபிளாப்பைக் கம்பியால் தூக்கிக் கட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம். கம்பி அறுந்தால் ஃபிளாப் அடித்துக்கொண்டே இருக்கும். ஹிஞ்ச் உடைந்தால் அந்த இரும்புத் துண்டு நேராக டர்பைன் வாசலில் இருக்கும் அவசர நிறுத்த வால்வான ஈஎஸ்விக்குத்தான் போய்ச் சேரும்.

ஃப்ளோ நாசில் (ஓட்டம் அளக்கும் உறுப்பு) இன்னும் வெல்டு பண்ணவில்லை. அந்த இடத்தில் அதே நீளத்துக்கு ஸ்பூல். தெர்மோவெல் (வெப்பமானி செருகும் குழல்) ஆறும் வெளியே, துளைகளில் பிளக். இந்த வேகத்தில் தெர்மோவெல் அதிர்ந்தே ஒடியும்.

அக்டோபர் 12, ஞாயிறு

மழை.

அக்டோபர் 13, திங்கள்

பிஆர்டிஎஸ் (நீராவியின் அழுத்தத்தையும் சூட்டையும் குறைக்கும் அமைப்பு) கண்ட்ரோல் வால்வு. பிளக், கேஜ், சீட் ரிங் மூன்றும் வெளியே. கேஜில் இருக்கும் சின்னத் துளைகளில் ஒரு வெல்டிங் மணி சிக்கினாலே போதும், பிளக் கீறி இறுகிக்கொள்ளும். உடலுக்குள் ஃப்ளஷிங் கிட் வைத்து, போனட் (வால்வின் மேல்தொப்பி) வாய் வழியாக நீராவியை வெளியே எடுக்கிறோம். கீழ்ப்பக்கம் பிளைண்ட் (அடைப்புத் தகடு).

அந்தப் பிளைண்ட் விஷயத்தில் ஒரு சொட்டு விட்டுக்கொடுக்கக் கூடாது. பிஆர்டிஎஸ்ஸுக்கு அந்தப்பக்கம் இருப்பது ஆலைக்குப் போகும் லோ பிரஷர் ஹெடர், சாதாரண கார்பன் ஸ்டீல், குறைந்த அழுத்தத்துக்கு வடிவமைத்த ஃபிளாஞ்சுகள். மேலிருந்து (சதுர செ.மீ.க்கு) 40 கிலோ அழுத்தம் அதற்குள் போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. மெல்லிய தகடு வெட்டிப் போட்டு வைத்திருந்தார்கள். எடுக்கச் சொல்லி, கணக்குப் போட்ட தடிமனில் புதுசு.

ஆக்சுவேட்டரின் காற்றுக் குழாயைக் கழற்றி முனையில் மூடி. பொசிஷனர் ஸ்டோரில்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஈஎஸ்வி திறந்தோம். நாள் முழுக்க அதுதான்.

ஆயில் சர்வோவைப் பிரித்து, போனட்டின் 12 நட்டையும் எதிரெதிராகத் தளர்த்தி, ஸ்டெமோடு கோனை (சீட்டில் அமர்ந்து நீராவியை அடைக்கும் உறுப்பு) செயின் பிளாக்கில் நேராகத் தூக்கினோம். கோனுக்குள் இருக்கும் பைலட் கோனும் சேர்ந்தே வந்தது. அடுத்து ஸ்டீம் ஸ்ட்ரெய்னர். ஒவ்வொன்றுக்கும் எண் அடித்த தகடு, எண்ணெய் தடவி, பேப்பர் சுற்றி, மரப்பெட்டியில். ஸ்டெமுக்கும் புஷ்ஷுக்கும் இடைவெளி நான்கு இடத்தில் அளந்து எழுதியாச்சு. சீட்டில் நீலம் (எங்கே படிகிறது என்று காட்டும் மை) தடவிப் பார்த்ததில் முழு வட்டம், எங்கும் அறுபடவில்லை. திரும்பப் பூட்டும்போது ஒப்பிட இந்தத் தாள்தான் ஆதாரம், இதை இன்று எடுக்காமல் விட்டால் பிறகு எந்தக் கீறல் எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறகு சீட் மூடி. டர்பைனுக்குப் போகும் வாயை அடைக்கும் தடித்த தட்டு. அதோடு வரும் ஸ்லீவ் சீட் முகத்தை மறைத்துக்கொள்ளும். நீராவி பக்கவாட்டில் நுழைந்து, போனட் இருந்த வாய் வழியாக மேலே திரும்பி, தற்காலிகக் குழாய்க்குப் போகும். மூடியைப் பிடித்திருப்பது 4 போல்ட், ஒவ்வொன்றுக்கும் ஒரு டேப் வாஷர். வாஷரின் நாக்கை மடித்து நட்டின் பக்கத்தோடு ஒட்டி அடிக்கணும். ஊதும்போது அந்த உடல் நடுங்குகிற நடுக்கத்தில் மடிக்காத நட் தானாகக் கழன்றுவிடும். மூடி லேசாகத் தூக்கினாலும் நீராவி நிற்கும் ரோட்டர் மேல் விழும். மேல்பாதி சூடு, கீழ்பாதி குளிர்ச்சி, ரோட்டர் வளையும். கூடவே துகள் பிளேடு வரைக்கும்.

மடித்த வாஷர் நான்கையும் படம் எடுத்தோம்.

அக்டோபர் 15, புதன்

படத்தில் மூன்றாவது வாஷரின் நாக்கு நட்டோடு ஒட்டவில்லை. ஒரு நகக்கண் இடைவெளி. ஃபிக்ஸ்சரை (போனட் இடத்தில் ஊதலுக்காகப் பூட்டிய தற்காலிக உறுப்பை) மறுபடி எடுக்கணும். எடுத்தோம், அடித்தோம், பூட்டினோம். ஃபிக்ஸ்சர் கேஸ்கெட் ஒன்று வீண். ஒருமுறை நசுங்கிய ஸ்பைரல் கேஸ்கெட்டை மறுபடி போடுவதில்லை. கையிருப்பு 3. போனட்டின் நிரந்தர கேஸ்கெட்டை யாரும் தொடாதபடி தனியாகப் பூட்டி வைத்தாச்சு.

அக்டோபர் 17, வெள்ளி

தற்காலிகக் குழாய். நிரந்தரக் குழாய் 8 அங்குலம், இது 10. வழியில் நெரிசல் இருக்கக் கூடாது என்பதற்காக. டார்கெட் பிளேட் (துகள் குத்திய தடத்தைக் காட்டும் தகடு) வரைக்கும் உள்ள ஜாயின்ட் எல்லாம் ஆர்கான் ரூட் (முதல் அடுக்கு ஆர்கான் வாயு வெல்டிங்). இல்லாவிட்டால் நம் வெல்டிங் கசடே பிளேட்டில் வந்து குத்தும், பிறகு குற்றவாளி சூப்பர்ஹீட்டரா தற்காலிகக் குழாயா என்று தெரியாமல் நாள் கணக்கில் ஊதிக்கொண்டிருக்க வேண்டும்.

350 டிகிரிக்குச் சூடேறினால் 30 மீட்டர் குழாய் 12 செ.மீ.க்கு மேல் நீளும். சப்போர்ட்டில் ஷூ வழுக்க இடம் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்ததில் இரண்டில் ஆங்கிள் இரும்பு வைத்து வெல்டு பண்ணியிருந்தார்கள். வெட்டியாச்சு. முனையில் மட்டும் உறுதியான பிடி வேண்டும். நொடிக்கு 25 கிலோ நீராவி வெளியே பாய்ந்தால் எதிர்விசை கணக்குப்படி சுமார் 2 டன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெல்டர்கள் ஊரில். சைட்டில் வெடிச் சத்தம் மட்டும்.

அந்த மூன்றாவது வாஷர்.

அக்டோபர் 23, வியாழன்

கணக்கை மறுபடி சரிபார்த்தது. முழுச்சுமையில் மணிக்கு 120 டன், 87 கிலோ, 515 டிகிரி. அப்போது ஒரு கிலோ நீராவிக்குக் கனஅளவு 0.0396 கன மீட்டர். ஊதும்போது மணிக்கு 90 டன், 30 பார், 350 டிகிரி என்றால் 0.0906. ஓட்ட விகிதத்தை வர்க்கமாக்கி, கனஅளவு விகிதத்தால் பெருக்கினால் 1.29. முழுச்சுமையில் நீராவி குழாய்ச் சுவரை இழுப்பதைவிட ஊதும்போது 1.29 மடங்கு அதிகமாக இழுக்கும். ஒன்றுக்குக் கீழே போனால் ஊதுவதே வீண்: ஊதலில் அசையாத துகள் ஓட்டத்தில் அசையும்.

ஒன்றை மறக்கக் கூடாது. வெளி முனையில் அழுத்தம் குறைவு, கனஅளவு அதிகம், அங்கே இந்த விகிதம் எளிதாகக் கிடைத்துவிடும். அழுத்தம் அதிகமாக இருக்கும் சூப்பர்ஹீட்டரில்தான் விகிதம் குறையும், அழுக்கு அதிகமும் அங்கேதான். கணக்கைப் பார்க்க வேண்டிய இடம் அது.

அக்டோபர் 24, வெள்ளி

சேஃப்டி வால்வுகளில் ஹைட்ரோ டெஸ்ட் பிளக் (தண்ணீர் அழுத்தச் சோதனைக்கு மட்டும் போடும் அடைப்பு) இருந்தது! மூன்றில் ஒன்றில். ஹைட்ரோ முடிந்து எத்தனை வாரம். எடுத்து, மூன்று பிளக்கையும் மேசைமேல் வைத்து எண்ணிய பிறகுதான் மனசு அடங்கியது. அதே கையோடு ஸ்பிரிங் ஹேங்கர்களின் லாக் பின்னையும் பார்த்தோம். 14-ல் 5 இன்னும் பூட்டியபடி. பூட்டிய ஹேங்கரோடு சூடேற்றினால் குழாய் நீள இடமில்லாமல் சுமை முழுக்க பாய்லர் நாசில் மேல் விழும்.

அக்டோபர் 25, சனி

டிரெய்ன் (தண்ணீர் வடிக்கும்) லைன்கள். எல்லாவற்றிலும் இரண்டு வால்வு வரிசையாக. ஆபரேட்டர்களுக்கு இன்று சொன்னது: முதல் வால்வு முழுக்கத் திறந்திருக்கணும், அளவு பார்ப்பது இரண்டாவதில் மட்டும். மூடும்போது இரண்டாவது முதலில். அரிப்பு எல்லாம் இரண்டாவதோடு போகட்டும், முதலாவது கசியாமல் இருந்தால் பின்னால் இரண்டாவதை மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்டீம் டிராப் (நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் கருவி) அனைத்தும் கழற்றியாச்சு. தற்காலிகக் குழாயின் பள்ளமான இடத்தில் டிரெய்ன் இல்லை. வரைபடத்தில் சரிவு, தரையில் பள்ளம். மழைத் தண்ணீரே அங்கே நிற்கும். ஒரு வாளி தண்ணீர் போதும், நீராவி அதைத் தள்ளிக்கொண்டு போய் எல்போவில் அறைந்தால் சப்போர்ட் பிடுங்கிக்கொள்ளும். நாளைக்கே டிரெய்ன் போடணும்.

அக்டோபர் 26, ஞாயிறு

போட்டாச்சு.

அக்டோபர் 27, திங்கள்

டிஎம் தண்ணீர் (தாது உப்பு நீக்கியது). டிரம் அழுத்தம் 40-லிருந்து 20-க்கு இறங்கும்போது பாய்லரில் உள்ள தண்ணீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நீராவியாகப் போய்விடும். ஒரு ஊதலுக்கு 4 டன் குறையாது. நாளுக்கு 10 ஊதல் என்றாலும் 40 டன், வார்ம்-அப் டிரெய்ன் தனி. டேங்க் நிரம்பாமல் தொடங்கக் கூடாது.

20-க்குக் கீழே இறக்கக் கூடாது என்பதற்குக் காரணம் தண்ணீர் மட்டும் இல்லை. 40 கிலோவில் தண்ணீர் 251 டிகிரி, 20-ல் 214. வித்தியாசம் 37. டிரம்முக்கு 42-தான் எல்லை. தடித்த சுவர், உள்பக்கம் சட்டென்று குளிர்ந்தால் தாங்காது.

அக்டோபர் 28, செவ்வாய்

ஆட்டோவில் மைக் கட்டி சுற்று ஊர்களுக்குச் சொல்லியாச்சு. மாட்டுக்கொட்டகைக்காரர்கள் நேரம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 29, புதன்

10 கிலோவில் நிறுத்திப் புது ஃபிளாஞ்சுகளின் நட்டைச் சூட்டோடு இறுக்கினோம். அதற்கு மேல் அழுத்தத்தில் யாரும் ஸ்பேனரோடு பக்கத்தில் போகக் கூடாது. பிறகு சோதனை ஊதல்: முதலில் 20 கிலோவிலிருந்து, அடுத்தது 30. சப்போர்ட் அசைவைப் பார்ப்பதற்கு மட்டும். வால்வு திறக்க 28 வினாடி. அரிப்பைக் குறைக்க இன்னும் சீக்கிரம் திறந்தால் நல்லது, ஆனால் இந்த மோட்டாரில் இவ்வளவுதான்.

கரும்புச் சக்கைத் தீ எண்ணெய்த் தீ மாதிரி இல்லை, பட்டனில் அணையாது. கிரேட்டில் கிடப்பது எரிந்தே தீரும். எனவே திறப்பதற்குச் சில நிமிடம் முன்பே ஃபீடரைக் குறைக்கணும். ஊதல் வால்வு மூடியதும் ஸ்டார்ட்-அப் வென்ட் திறந்திருக்கணும், இல்லாவிட்டால் சூப்பர்ஹீட்டர் குழாயில் ஓட்டமே இல்லாமல் வெந்துபோகும். டிரம் லெவலை 75 மி.மீ. தாழ்த்தி வைத்துத் திறந்தோம். திறந்ததும் பொங்கி ஏறும், தாழ்த்தி வைக்காவிட்டால் தண்ணீர் சூப்பர்ஹீட்டருக்குள் போகும்.

மூன்றாவது ஊதல் 40-லிருந்து. பழுப்பாக ஆரம்பித்து, செம்மண் நிறமாகி, கடைசியில் சாம்பல்.

ஈஎஸ்விக்கும் கண்ட்ரோல் வால்வுக்கும் நடுவிலுள்ள டிரெய்னைத் திறந்தே வைத்து ஒரு ஆளை அங்கேயே நிறுத்தியிருந்தோம். மூடி கசிந்தால் அங்கேதான் தெரியும். மாலை 4:10-க்கு அங்கே மெல்லிய ஆவி.

ஊதலை நிறுத்தியாச்சு.

அக்டோபர் 30, வியாழன்

இரவு முழுக்க மனசில் அந்த ஆவிதான். கசிவா, உள்ளே தங்கிய தண்ணீர் உடலின் சூட்டில் ஆவியாகிறதா? கசிவென்றால் டிரம் அழுத்தத்தோடு ஏறி இறங்கணும். நேற்றைய குறிப்பில் ஊதும்போதும் ஊதாதபோதும் ஒரே அளவு. இரவு 9 மணிக்குத் தானாக நின்றுவிட்டது. காலையில் 20 கிலோவில் ஒரு ஊதல், டிரெய்ன் வாயில் குளிர்ந்த இரும்புத் தகட்டைப் பிடித்துப் பார்த்தோம்: துளி ஈரம் இல்லை. 40-ல் மறுபடி: இல்லை. தண்ணீர்தான்.

ஆனாலும் ஒவ்வொரு ஊதலுக்கும் அங்கே ஆள் நிற்கணும்.

எதிர்பார்த்த மாதிரியே இன்றைய முதல் ஊதல்கள் நேற்றைய கடைசியைவிட அழுக்கு. இரவில் குழாய் ஆறியதில் ஸ்கேல் விரிசல் விட்டு உரிந்திருக்கிறது. இரும்பு ஒரு அளவில் சுருங்கும், அதன் மேல் படிந்த ஆக்சைடு வேறு அளவில். விடாமல் ஊதுவதைவிட ஊதி, ஆறவிட்டு, ஊதுவது அதனால்தான்.

அக்டோபர் 31, வெள்ளி

8 ஊதல். வெளியே வருவது வெள்ளை.

நவம்பர் 1, சனி

முதல் டார்கெட் பிளேட். அலுமினியம், கண்ணாடி மாதிரி தேய்த்தது, அகலம் 20 மி.மீ., நீளம் குழாயின் உள்விட்டம் முழுக்க. எடுத்துப் பார்த்தால் அம்மை போட்ட முகம். எண்ணவே தேவையில்லை.

நவம்பர் 3, திங்கள்

ஐந்தாவது பிளேட்: 1 மி.மீ.க்கு மேல் ஒரு குழி. ஒன்றே ஒன்று. டர்பைன்காரர்களின் தாளில் அந்த அளவுக்கு ஒன்றுகூடக் கூடாது. வட்டக் குழி, ஓரம் எழும்பியது: வெல்டிங் மணி. சூப்பர்ஹீட்டர் ஹெடர் மூலையில் எங்கோ ஒளிந்திருந்தது. இரவு ஆறவிடுவோம்.

கரும்பு வெட்ட ஆள் கேட்டுப் போன் வந்துகொண்டே இருக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

ஆறாவது, ஏழாவது பிளேட் அடுத்தடுத்து. 0.5 முதல் 1 மி.மீ. வரை முதலில் 2, அடுத்ததில் 1. அதற்கு மேல் எதுவும் இல்லை. மூன்று பேர் லென்ஸ் வைத்துத் தனித்தனியாக எண்ணி, கையெழுத்து.

நவம்பர் 6, வியாழன்

ஃபிக்ஸ்சர் வெளியே. மூடியை எடுப்பதற்கு முன்பே உடலின் அடியை வேக்குவம் போட்டு எடுத்தோம், எடுத்தபின் செய்தால் தூள் முழுக்க சீட்டுக்குள் விழும். அடியில் ஒரு கைப்பிடித் தூள், இரண்டு வெல்டிங் மணி. போல்ட் 4 போட்டது, 4 வந்தது. டேப் வாஷர் 4, நாக்கும் உடையாமல். மூன்றாவதும்.

போரோஸ்கோப் (குழாய்க்குள் பார்க்கும் கருவி) என்ஆர்வி வரைக்கும் விட்டுப் பார்த்தாச்சு.

நவம்பர் 7, வெள்ளி

சீட்டில் நீலம்: முழு வட்டம். அக்டோபர் 14 தாளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஸ்டெம் இடைவெளி நான்கு இடத்திலும் அதே. ஸ்ட்ரெய்னர் மேல் ஓட்டத்தின் தொடக்க நாட்களுக்கு மட்டும் மெல்லிய கண்ணி வலை, அதை எடுக்க வேண்டிய தேதியைப் போனட்டிலேயே எழுதித் தொங்கவிட்டாச்சு. நட் மூன்று சுற்றாக, 30, 60, 100 சதவீதம், எதிரெதிராக.

8-வது நட் இரண்டாம் சுற்றில் கிறீச்சிட்டது. கழற்றி மரை பார்க்கணும்.