வட கடல் ஓரத்தில் கொம்பு தேடி

நெதர்லாந்து என்றதும் நினைவுக்கு வருகிற துலிப் தோட்டமும் காற்றாலையும் இந்தக் கட்டுரையில் கிடையாது. நான் போனது ஒரு மணல்மேட்டுக்கு. அதுவும் மனிதர்கள் கொட்டிய மேடு. ஹேக் நகரத்துக்குத் தெற்கே கைக்டவுன், டெர் ஹைடே என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவில், 2011-ல் 2.15 கோடி கன மீட்டர் மணலைக் கடற்கரையில் கொட்டினார்கள். பெயர் சாண்ட்மோட்டார். கரை அரிப்பைத் தடுக்க அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மணல் போட்டுக்கொண்டிருப்பதற்குப் பதில், மொத்தமாக ஓரிடத்தில் போட்டுவிட்டால் காற்றும் அலையும் அதைக் கரை நெடுகப் பரப்பிவிடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பலித்ததா என்பது பொறியாளர்கள் பாடு. என்னை அங்கே இழுத்தது அந்த மணலோடு சேர்ந்து வந்த எலும்புகள்.

மணலை அள்ளியது கரையிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தள்ளிக் கடலடியில். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. இங்கிலாந்துக்கும் நெதர்லாந்துக்கும் நடுவே இருக்கிற கடல் அப்போது புல்வெளி. கம்பளி மாமத் (யானைக் குடும்பத்தில் அழிந்துபோன ஒரு விலங்கு), கம்பளிக் காண்டாமிருகம், பைசன் என்ற காட்டு மாடு, குதிரை, ரெயின்டீர், கழுதைப்புலி எல்லாம் அதில் திரிந்தன. மணல் அள்ளும் கப்பலின் குழாய்க்கு இது எலும்பு, இது மண் என்று பேதம் ஏது? எல்லாம் சேர்ந்து கரைக்கு வந்துவிட்டது. மேலாக இருக்கும் மணலைக் காற்று அடித்துக்கொண்டு போகப் போக, கனமான துண்டுகள் மட்டும் மேலே தங்கிவிடுகின்றன. புயல் ஓய்ந்த மறுநாள், கடல் உள்வாங்கிய நேரம்தான் தேடுவதற்குத் தோது என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

டெல்ஃப்டில் வேலை பார்க்கும் ஒரு நண்பர் வீட்டில் தங்கினேன். அவர் வீட்டு ஜன்னல் திட்டில் கருப்பாக, லேசாக வளைந்து, நுனி கூராக, கைநீளத்துக்கு ஒரு பொருள் இருந்தது. முந்தின குளிர்காலத்தில் அவருடைய மகள் சாண்ட்மோட்டாரில் எடுத்ததாம். "காண்டாமிருகக் கொம்பு" என்று வீட்டில் அதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. அடிப்பக்கம் உடைந்திருந்தது. அதையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

கடற்கரையில் காற்று என்றால் அப்படி ஒரு காற்று. மணல் முழங்கால் உயரத்துக்குப் பறந்து காலைச் சுரண்டியது. கைட் சர்ஃபிங் செய்பவர்களுக்குக் கொண்டாட்டம். அவர்களைத் தாண்டி நடந்தால் வேறொரு கூட்டம்: தலையைக் குனிந்துகொண்டு, கடலை ஏறெடுத்தும் பார்க்காமல் நடப்பவர்கள். அவர்களில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். ஓய்வு பெற்றவர், பல வருடங்களாக இந்தக் கரையில் பொறுக்குகிறவர். கழுத்தில் லென்ஸ், சட்டைப்பையில் சின்ன நோட்டு. நண்பரின் மகள் பையைத் திறந்து 'கொம்பை' நீட்டினாள். அவர் நுனியைப் பார்க்கவே இல்லை. சட்டென்று திருப்பி உடைந்த பக்கத்தைப் பார்த்தார்.

"வடிவத்தை நம்பாதே அம்மா. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்" என்றார். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதில் பாதி இந்த ஒரு வரிதான்.

காண்டாமிருகக் கொம்பில் எலும்பே கிடையாது. நம் நகமும் முடியும் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான் முழுக்க. மூக்கெலும்பின் மேல் சொரசொரப்பான ஓர் இடத்தில் அது உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். சைபீரியாவின் உறைந்த நிலத்தில் கம்பளிக் காண்டாமிருகக் கொம்புகள் கிடைக்கின்றன. வட கடல் அடியில் கெரட்டின் மட்கிப் போய்விடும்; மிஞ்சுவது அந்தச் சொரசொரப்பான மூக்கெலும்பு. பைசன் போன்ற மாட்டினங்களின் கதை வேறு. அவற்றின் கொம்புக்கு உள்ளே எலும்பாலான ஒரு கரு உண்டு. மேலே இருக்கும் கெரட்டின் உறை போனாலும் கரு நிற்கும். நீளவாக்கில் வரிப்பள்ளங்கள், அடியில் காற்றறைகள், எங்கும் துளைத்துளையாக இருக்கும். உறையோடு இருந்தபோது கொம்பு இதைவிட நல்ல நீளம் இருந்திருக்கும்.

மான்கொம்பு இந்த இரண்டிலும் சேராது. அது முழுக்க எலும்பு. ஒவ்வோர் ஆண்டும் விழுந்து முளைப்பது. வெளியே கெட்டியான ஓடு, நடுவில் கடற்பஞ்சு மாதிரியான பகுதி. கால் எலும்பில் இருப்பதுபோல மஜ்ஜைக்கான வெற்றுக் குழாய் இருக்காது. மகளின் கையிலிருந்த துண்டில் லென்ஸ் வழியாக நாங்கள் பார்த்தது இதைத்தான்: ஒரு மில்லிமீட்டருக்கும் கூடுதலான தடிப்பில் வழவழப்பான கரும் ஓடு, உள்ளே நுண்ணிய அறைகள், அந்த அறைகளில் அடைத்துக்கொண்ட மணல். வெளிப்பக்கத்தில் ரத்தக் குழாய்கள் ஓடிய மெல்லிய பள்ளங்கள். மான்கொம்பின் ஒரு கிளை. எந்த மான் என்று கேட்டதற்கு, "இவ்வளவு சின்னத் துண்டை வைத்துச் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். காண்டாமிருகம் போனதில் மகளுக்குக் கொஞ்சம் முகம் வாடியது, அது வேறு விஷயம்.

தந்தத்துக்கு வருவோம். அவர் தன் பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். பார்த்தால் பழைய மரச் சிராய். தந்தம் என்பது ஒரு பல், வளர்ந்துகொண்டே இருக்கும் வெட்டுப்பல். கூம்புக்குள் கூம்பாக டென்டின் என்ற பல்லின் உட்பொருள் படிந்து படிந்து வளர்வதால், உலரும்போது வெங்காயம் உரிகிற மாதிரி அடுக்கடுக்காகப் பிரியும். கரையில் கிடைப்பது பெரும்பாலும் முழுத் தந்தம் அல்ல, இப்படி உரிந்த ஓர் அடுக்கின் துண்டு. மரம் என்று எண்ணித் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அதேபோல மரத்தை எடுத்துக்கொண்டு தந்தம் என்று ஓடிவருகிறவர்களும்.

இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு வழி உண்டு. துண்டின் குறுக்குவெட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வளைகோடுகள் தெரியும். ஷ்ரேகர் கோடுகள் என்று பெயர். யானைக் குடும்பத்துத் தந்தத்தில்தான் இவை இப்படித் தெரியும். மரத்திலோ எலும்பிலோ மான்கொம்பிலோ இருக்காது. வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தந்தத்திலும் கிடையாது, அதன் நடுவில் கட்டிகட்டியாக வேறொரு வகை டென்டின் இருக்கும். இன்னும் ஒரு படி மேலே போகலாம். வெளி விளிம்புக்குப் பக்கத்தில் அந்தக் கோடுகள் சந்திக்கிற கோணத்தை அளக்க வேண்டும். 90 பாகைக்குக் குறைந்தால் மாமத் போன்ற அழிந்துபோன இனம். 115-ஐத் தாண்டினால் இன்றைய யானை. நடுவில் விழுந்தால் ஒரே ஒரு கோணத்தை வைத்து முடிவு சொல்லக்கூடாது, பல இடங்களில் அளந்து சராசரி பார்க்க வேண்டும். அவர் காட்டிய துண்டில் கோடுகள் குறுகலாக, கூர்ங்கோணத்தில் வெட்டிக்கொண்டது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. நான் எத்தனையோ அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமத் பார்த்திருக்கிறேன். கையில் வைத்து, சாய்த்து, வெளிச்சம் பட்டதும் கோடுகள் எழுந்து வருவதைப் பார்ப்பது வேறு ரகம்.

மதியத்துக்குமேல் எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. தட்டையான, விரல்நீளத் தகடு, ஓரமெல்லாம் கருப்பாகப் பளபளத்தது. மாமத்தின் கடைவாய்ப்பல் இப்படிப்பட்ட தகடுகளை வரிசையாக அடுக்கி ஒட்டியது. கடைசிப் பல்லில் 20-க்கும் மேல் இருக்கும். ஒட்டுப்பொருள் கரைந்தால் தகடுகள் தனித்தனியாக உதிரும். ஓரத்துப் பளபளப்பு எனாமல். உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள் அதுதான், அதனால் பல் ஒன்று சிக்கினால் அடையாளம் சொல்வது எலும்பைவிடச் சுலபம். 1796-ல் பாரீஸில் குவியே என்ற அறிஞர் மாமத் இன்றைய யானை அல்ல, அது வேறு இனம் என்று காட்டியதற்கும் தாடையும் பற்களும்தான் துணை.

கடற்கரையில் பார்க்கிற பேர்பாதியிடம் ஏதாவது ஒரு 'சோதனை' இருக்கிறது. நாக்கில் வைத்துப் பார், ஒட்டினால் எலும்பு. ஊசியைக் காய்ச்சிக் குத்து, முடி கருகுகிற நாற்றம் வந்தால் புதிது. நாக்குச் சோதனையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நுண்துளையுள்ள பொருள் ஈரத்தை இழுக்கும். களிமண் கட்டியும் அதையே செய்யும் என்பதுதான் சிக்கல். ஊசி விஷயம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பொருளை ஓட்டை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? நிறமும் கைவிடும். கருப்பாக இருந்தால் பழசு என்பார்கள். இரும்பும் மாங்கனீஸும் உள்ள சேற்றில் கிடந்தால் சமீபத்திய மாட்டெலும்பும் கருத்துப்போகும். ரம்பம் போட்ட தடம் நேர்கோடாக இருந்தால், அது பனியுகத்து விலங்கல்ல, கசாப்புக் கடைக்குப் போய்வந்த விலங்கு.

மறுநாள் மழை. ஹார்லெமில் இருக்கும் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1784-லிருந்து மக்களுக்குத் திறந்திருக்கிறது. அங்கே ஒரு கல்பலகை. ஷாய்க்ஸர் என்ற சுவிஸ் மருத்துவர் 1726-ல் அதை நோவா காலப் பிரளயத்தில் மாண்டுபோன மனிதனின் எலும்புக்கூடு என்று அறிவித்தார். தலை இருக்கிறது, முதுகெலும்பு இருக்கிறது, அளவும் ஒரு குழந்தைக்குச் சரி. அப்புறம் என்ன? 1811-ல் அதே குவியே இங்கே வந்தார். இது பெரிய சாலமாண்டர் (பல்லி போன்ற உடலமைப்பு கொண்ட, தவளைக்கு உறவான உயிரி) என்றால் முன்னங்கால்கள் இந்த இடத்தில் புதைந்திருக்க வேண்டும் என்று கணித்து, கல்லைச் செதுக்கினார். கால்கள் வெளியே வந்தன. செதுக்கிய இடத்தை இன்றும் பார்க்கலாம். ஷாய்க்ஸர் முட்டாள் இல்லை, அந்தக் காலத்தில் புதைபடிவங்களை நன்றாக அறிந்தவர்களில் ஒருவர். முடிவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு பார்த்தார், அதுதான் வினை. கைக்டவுனில் குனிந்து நடக்கும் யாருக்கும் அது நேரலாம். பிரளயத்துக்குப் பதில் இப்போது எல்லோருக்கும் டைனோசர் வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். இந்தக் கடலோரத்து மணலில் டைனோசருக்கு வழியே இல்லை.

இதற்கு நேர்மாறான சம்பவமும் உண்டு. நெதர்லாந்தின் ஸேலண்ட் மாகாணக் கரைக்கு அப்பால் கடலடியிலிருந்து அள்ளிய சிப்பிக் குவியலில் 2001-ல் ஓர் ஆர்வலருக்கு ஒரு சிறு எலும்புத் துண்டு கிடைத்தது. அது நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்தவர் ஒருவரின் நெற்றி எலும்பு, தடித்த புருவமேட்டோடு. 2009-ல் லைடனில் அதை அறிவித்தார்கள். இதே சாண்ட்மோட்டாரில் 2016-ல் கிடைத்த ஒரு சின்னச் சிக்கிமுக்கிக் கல்லில் ஒட்டியிருந்த கருப்புப் பொருள், நியாண்டர்தால்கள் பிர்ச் மரப்பட்டையிலிருந்து எடுத்த தார். வயது சுமார் 50,000 ஆண்டு. அதை எடுத்தவரும் கடற்கரையில் நடக்கப் போனவர்தான். வெறும் கறுப்பு அழுக்கு என்று அவர் சுரண்டிக் கழுவியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

கழுவுவது பற்றிப் பெரியவர் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன், போகிறவர்களுக்குப் பயன்படும். கடலிலிருந்து வந்த எலும்பையோ தந்தத்தையோ எடுத்ததும் வெயிலில் காயவைக்கக் கூடாது. உள்ளே இருக்கிற உப்பு படிகமாகிப் பிளந்துவிடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்து, வாரக்கணக்கில் உப்பை வெளியேற்றிய பிறகு நிழலில் மெதுவாக உலர்த்த வேண்டும். வார்னிஷ் அடிக்கிற ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளவும். நிபுணருக்குப் படம் அனுப்புவதானால் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எல்லாப் பக்கமும் எடுக்க வேண்டும், உடைந்த முகத்தைக் கட்டாயம் நெருக்கத்தில். எங்கே, எப்போது எடுத்தது என்ற குறிப்பு இல்லாத எலும்பு பாதி ஊமை. மனிதக் கை பட்ட பொருளாகத் தெரிந்தால் நெதர்லாந்துச் சட்டப்படி தகவல் தெரிவித்தாக வேண்டும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஒன்று. மாமத் தந்தத் துண்டு கிடைத்தால் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். மாமத் யானையே அல்ல, அழிந்துபோன விலங்கு, ஆகவே தந்த வியாபாரத் தடை அதற்குப் பொருந்தாது என்று வியாபாரிகள் நீதிமன்றம் வரை போய் வாதாடியிருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2003-ல் அதை ஏற்கவில்லை. மாமத் தந்தமும் தந்தம்தான் என்று சொல்லிவிட்டது. விமான நிலையத்தில் லென்ஸை நீட்டி 90 பாகை, 115 பாகை என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.