சாயாத வண்டி

இருபத்து மூன்று வருஷம் புல்லட் ஓட்டியவன் நான். 1998 மாடல். 346 சிசி, பழைய இரும்பு இன்ஜின், ஏறக்குறைய 170 கிலோ. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. வேறு வண்டி ஓட்டிப் பழகியவன் ஏறினால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பான். அந்தப் பயத்திலேயே என் வண்டியை யாரும் இரவல் கேட்டதில்லை.

தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வேலூரைக் கேலி செய்யும் பட்டியல் ஒன்று உண்டே, அதை 2021 நவம்பரில் பாலாறு பொய்யாக்கியது. கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் வெள்ளம். ஊரில் பாதிப் பேர் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், நானும் போனேன். திரும்பி வரும்போது ஒரு வளைவில் சேறு. இருபதுக்கு மேல் வேகமில்லை. முன் சக்கரம் வழுக்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வண்டி இடது கால் மேல் கிடந்தது.

இரண்டு ஆபரேஷன். கடைசியில் கணுக்கால் எலும்புகளை ஒன்றாக இணைத்து இறுக்கிவிட்டார்கள். "வலி போயிடும் சார், ஆனா அசைவும் போயிடும்" என்று டாக்டர் முன்பே சொல்லித்தான் செய்தார். முழங்காலும் முழுக்க மடங்காது, கால் ஓர் அங்குலம் குட்டை. செருப்புக்கு அடியில் தடிமனான ஒரு பட்டை ஒட்டிக்கொண்டு நடக்கிறேன்.

ஒரு வருஷம் கழித்துப் புல்லட்டின் தார்ப்பாயை எடுத்தேன். கியர் வலது காலில்தானே, பிரேக்கை எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். இன்ஜின் அழுத்தத்தை விடுவிக்கும் டெகாம்ப் லீவரைப் பிடித்து, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாக அழுத்தி, கிக்கரை உதைக்கக் காலைத் தூக்கினேன். அப்போதுதான் உறைத்தது. உதைப்பது வலது கால், ஆனால் அந்த நேரம் உடம்பையும் வண்டியையும் தாங்குவது இடது கால். இத்தனை வருஷம் உதைத்தும் இதை யோசித்ததே இல்லை. தார்ப்பாயைத் திரும்பப் போட்டு மூடினேன்.

மனைவியின் ஆக்டிவாவை எடுத்தேன். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. வீடு பாகாயத்தில், வேலை காட்பாடியில், போக ஒரு பதின்மூன்று பதினான்கு கிலோமீட்டர். நின்றால்தான் வினை. கிரீன் சர்க்கிளில் நிற்க வேண்டும், பாலத்து ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து நிற்க வேண்டும், சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். சரிவில் பாதம் தரைக்கு ஏற்றபடி வளைந்து ஊன்ற வேண்டும், என் பாதமோ பலகை. நான்காம் நாள், பாலம் ஏறும் இடத்தில், நின்ற வண்டியில் நின்ற மேனிக்கு இடது பக்கம் சாய்ந்தேன். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் இறங்கி ஓடிவந்து தூக்கினார். "இன்னா சார், ஓடற வண்டில விழுவாங்க, நிக்கிற வண்டில விழுறீங்க" என்றார். கிண்டலில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

பின்னால் இரு பக்கமும் கூடுதல் சக்கரம், அதாவது சைடு வீல், போடலாம் என்ற எண்ணம் பாகாயத்திலேயே கிடைத்தது. எங்கள் பக்கத்தில்தான் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையம், 1966இல் தொடங்கியது. டாக்டர் மேரி வர்கீஸ் உருவாக்கியது. 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. எத்தனையோ வருஷம் அந்த வாசலைப் புல்லட்டில் தாண்டியிருக்கிறேன், வெளியே நிற்கும் வண்டிகளைப் பார்த்ததில்லை. அன்றைக்கு நின்று பார்த்தேன். குடியாத்தத்துக்காரர் ஒருவர், அறுபது வயசு தாண்டியிருக்கும், தன் சைடு வீல் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். அங்கிருந்து இதிலேயேதான் வந்தாராம். "பயம் இல்லையாண்ணா?" என்றேன். "பயமெல்லாம் வண்டிய பாக்கறவனுக்கு. ஓட்டறவனுக்கு இன்னா? ஆனா இது வுழாதுன்னு மட்டும் நெனச்சிக்காத" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பேப்பர் வேலை சுருக்கமாக. முதலில் மெடிக்கல் போர்டு. 40 சதவீதமாவது இருந்தால்தான் மாற்றுத்திறனாளி அட்டை பயன்படும், எனக்கு 45 போட்டார்கள். இரண்டு காலும் செயலிழந்தவர்களுக்கு அரசே இந்த வண்டியை இலவசமாகத் தருகிறது. என்னிடம் வண்டி இருந்தது, மாற்றினால் போதும். ஓர் அலுவலகத்தில் ஒரு கவுண்டரில் "பிட் பண்ணிட்டு கொண்டாந்து காட்டுங்க" என்றார்கள், பக்கத்துக் கவுண்டரில் "யாரக் கேட்டு பிட் பண்ணப் போறீங்க?" என்றார்கள். முதலில் அனுமதி, பிறகு பொருத்துவது, பிறகு வண்டியைக் காட்டி ஆர்.சி.யில் பதிவது. அதுதான் சரியான வரிசை. லைசன்ஸிலும் அந்த வகையைச் சேர்க்க வேண்டும், இன்சூரன்ஸ்காரர்களுக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். சட்டத்தில் இதற்கு 'இன்வேலிட் கேரேஜ்', அதாவது ஊனமுற்றவர் வண்டி, என்றுதான் பெயர் இருந்தது. 2019 திருத்தத்தில் 'அடாப்டட் வெஹிகிள்', மாற்றியமைத்த வண்டி, ஆக்கினார்கள். கவுண்டரில் இன்னும் பழைய பெயர்தான். "இன்வேலிட் யாரு சார், நீங்களா வண்டியா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார் என் முன்னால் நின்றவர். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் பைல்.

கொணவட்டத்தில், லாரிப் பட்டறைகளுக்கு நடுவே, ஒரு பாய் இதையே தொழிலாகச் செய்கிறார். பின்பக்கம் ஃபிரேமோடு சேர்த்து ஓர் இரும்புச் சட்டம், அதன் இரு முனையிலும் ஒவ்வொரு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் தனி ஷாக் அப்சார்பர். வண்டியின் சொந்தப் பின் சக்கரம் நடுவில் அப்படியே இருக்கும், இன்ஜின் சுற்றுவது அதை மட்டும்தான். ஆக, எண்ணிப் பார்த்தால் நாலு சக்கரம். ஊர் இதை மூணு சக்கர வண்டி என்றே சொல்கிறது. கூலியோடு 18,000 ரூபாய் ஆயிற்று.

பட்டறைக்குப் பின்னால் ஒரு காலி மனை. "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார்" என்றார் பாய். இது என்ன பெரிய வித்தை என்று ஏறினேன். இடது பக்கம் திரும்ப நினைத்தேன். உடம்பு இடது பக்கம் சாய்ந்தது, இருபத்து மூன்று வருஷம் சாய்ந்த மாதிரியே. வண்டி சாயவில்லை. நேராகப் போய்ச் சீமைக்கருவேலம் புதரில் நின்றது.

இரு சக்கர வண்டியில் நாம் ஹேண்டிலைத் திருப்பித் திரும்புவதில்லை. இடது பக்கம் போக, இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுகிறோம். வண்டி இடப்பக்கம் சாய்கிறது, சாய்வே அதைத் திருப்புகிறது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, கை தானாகக் கற்றுக்கொள்கிறது. சைடு வீல் போட்டதும் அந்தக் கை எதிரியாகிவிடுகிறது. இடது கைப்பிடியைத் தள்ளினால் சக்கரம் வலது பக்கம் பார்க்கிறது. "உடம்ப விட்ருங்க சார், ஆட்டோ மாதிரி ஹேண்டில ஒடிங்க" என்று பாய் கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். சைக்கிள் கூட ஓட்டத் தெரியாதவர்கள் இதை அரை மணியில் கற்றுக்கொள்கிறார்களாம். புல்லட்காரர்களுக்குத்தான் ஒரு வாரம். அவர் கணக்கு சரி, எனக்குப் பத்து நாள்.

பிறகுதான் குடியாத்தத்துக்காரர் சொன்னது புரிந்தது. வேகமாக வலது பக்கம் ஒடித்தால் உடம்பை இடது பக்கம் தூக்கி வீசும். உள் சக்கரம் தரையை விட்டு எழும். ஒரு தடவை எழுந்தது, தொரப்பாடிப் பக்கம், முப்பத்தைந்தில். சாயாத வண்டி கவிழத்தான் செய்யும். இப்போது வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, திரும்பும் பக்கமாக மேலுடம்பைக் கொண்டுபோகிறேன். வண்டி சாயாது, நான்தான் சாய வேண்டும்.

தார் ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் இருப்பது தெரியும். ஆனால் அது கையைப் பிடித்து இழுக்கும் என்று தெரியாது. இந்த வண்டி அந்தச் சரிவோடு இடது பக்கம் நழுவிக்கொண்டே இருக்கிறது. முதல் வாரம் முழுக்க வலது தோளில் வலி. பள்ளமும் அப்படித்தான். புல்லட்டில் ஒரு கோடு தேடினால் போதும், இதில் மூன்று கோடு வேண்டும். நடுச் சக்கரத்துக்கு வழி பார்த்தால் ஓரச் சக்கரம் விழுகிறது.

மோசமான நாள் ஒன்று. மழை விட்ட சாயங்காலம், சில்க் மில் பக்கம், ரோட்டோரம் நீளவாக்கில் தோண்டி மூடிய பள்ளம். ஓரச் சக்கரம் இரண்டும் இரு பக்க மேட்டில் ஏறிக்கொண்டன, நடுச் சக்கரம் பள்ளத்தின் மேல் தொங்கியது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் கத்துகிறது, சக்கரம் காற்றில் சுற்றுகிறது, வண்டி நகரவே இல்லை. இறங்கித் தள்ளவும் என்னால் ஆகாது. பின்னால் ஹாரன். காலேஜ் பையன்கள் இரண்டு பேர் பைக்கை நிறுத்திவிட்டு வந்து, "அங்கிள், நீங்க உக்காந்துக்குங்க" என்று என்னோடு சேர்த்தே தூக்கி நகர்த்தி வைத்தார்கள். மறுநாள் பாய் கீழே படுத்துப் பார்த்தார். சைடு ஷாக் இரண்டும் விறைப்பாக இருந்ததால் என் எடையெல்லாம் ஓரச் சக்கரங்கள் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, நடுச் சக்கரத்துக்கு அழுத்தமே போகவில்லை. இரண்டையும் ஒரு கட்டை இறக்கிவிட்டார். காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தொல்லை குறைந்துவிட்டது. யாராவது பொருத்தப் போகிறீர்கள் என்றால் பட்டறையிலேயே நீங்கள் ஏறி உட்கார்ந்து, உங்கள் எடையில் வைத்து ஷாக்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். காலி வண்டியில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

சந்துபொந்தில் நுழைந்து போகும் சுகம் போயிற்று. கிரீன் சர்க்கிளில் ஆட்டோக்களோடு வரிசையில் நிற்கிறேன், முன்பைவிடப் பத்து நிமிஷம் கூடுதல். மைலேஜும் 45இலிருந்து 38க்கு இறங்கியது. ஆனால் நிற்கிறபோது இரண்டு காலும் பலகை மேல்! சுற்றி எல்லாரும் மே மாத வெயிலில் ஒரு காலை ஊன்றி, வண்டியை ஆட்டி ஆட்டி நகர்த்திக்கொண்டிருக்க, நான் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

எதிர்பாராத செலவு வீட்டு வாசலில் வந்தது. கேட் அகலம் போதவில்லை, படி இரண்டும் தடை. படியை இடித்துச் சரிவு போட்டோம், கேட்டை மாற்றினோம். சைடு வீலுக்கு ஆனதைவிட இதற்கு ஆனது அதிகம். "கோலம் போட்ற எடம் முச்சூடும் உங்க வண்டிக்கே பூட்ச்சி" என்று மனைவிக்கு வருத்தம். இப்போது அந்தச் சரிவிலேயே, சக்கரத் தடம் தவிர்த்து, நீளவாக்கில் போடுகிறாள்.

புல்லட்டை விற்கவில்லை. மச்சான் பையன் வலது காலில் கியர் போடப் பழகிக்கொண்டான், ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு ஆரணி ரோட்டில் ஒரு சுற்று போகிறான். போன வாரம் வந்தவன், "மாமா, உங்க வண்டிய ஒரு ரவுண்டு" என்றான். சாவியைக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. தெருமுனை வரை போய் வந்தவன் வாசலில் திரும்ப நினைத்தான், அழகாக உடம்பைச் சாய்த்தான், நேராகப் போய்ச் செம்பருத்தித் தொட்டியில் முட்டினான்.

"இன்னா மாமா இது, திரும்பவே மாட்டேங்குது" என்றான். உள்ளேயிருந்து மனைவி, தொட்டி யார் வாங்கித் தருவது என்று கேட்டாள்.