பிப்ரவரியில் போகாதீர்கள்

ஜார்ஜியா நாட்டின் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பினால், "ஜார்ஜியா ஒயின் ரெண்டு பாட்டில்" என்று கேட்க ஒரு மாமாவாவது இருப்பார். விமான நிலையக் கடையிலேயே வாங்கியிருந்தால் எனக்கும் வேலை சுலபமாக முடிந்திருக்கும். தெலாவி பக்கம் ஒரு கிராமத்தில் நாலு தலைமுறையாக வீட்டிலேயே செய்கிறார்கள் என்று ஒரு சீனியர் கிளப்பிவிட்டார்.

பிப்ரவரியில் போனேன். மார்ஷ்ருத்கா என்ற மினி வேன் நம் ஷேர் ஆட்டோ மாதிரிதான், ஆள் நிரம்பினால்தான் நகரும். குளிரில் விறைத்துப் போய்ச் சேர்ந்தால், ஒயினைக் கண்ணால்கூடப் பார்க்க முடியவில்லை. க்வெவ்ரி என்ற பெரிய மண்தாழியை வாய்வரை மண்ணில் புதைத்து, அதில் திராட்சைச் சாற்றைத் தோல், கொட்டையோடு ஊற்றி மூடிவிடுகிறார்கள். (முதுமக்கள் தாழி பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும், உள்ளே இருப்பதுதான் வேறு.) 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த முறை இது.

"ஒரு சொம்பு மட்டும் எடுத்துக் கொடுங்களேன்" என்று அந்த வீட்டுத் தாத்தாவின் பேத்தியிடம் கெஞ்சினேன். அவள் தாத்தாவைப் பார்த்தாள். அவர் மூடியைச் சுற்றிப் பூசியிருந்த களிமண்ணை விரலால் தட்டிக் காட்டி, "ஆரா" என்றார். முடியாது. அக்டோபரில் மூடியதை வசந்தத்தில்தான் திறப்பார்களாம். திறந்தால் காற்றுப் பட்டுவிடும், மொத்தத்தையும் இறைத்து வேறு தாழிக்கு மாற்றியாக வேண்டும். இரண்டு பாட்டிலுக்காக ஒரு தாழியையா காலி செய்வார்? போன வருடத்தது முன்பே தீர்ந்துவிட்டது. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு சனிக்கிழமை போச்சு. நீங்களாவது போன் செய்துவிட்டுப் போங்கள்.

ஏப்ரல் கடைசியில் போனபோது ஒயின் தயார். பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றித் தர வந்தார்கள், அங்கே அது சகஜம். விமானத்தில் கொண்டுபோக வேண்டும், கண்ணாடி பாட்டில்தான் என்று நின்றேன். லேபிளில் 750 மி.லி., ஆல்கஹால் அளவு, தேதி எல்லாம் பேத்தி கையால் எழுதினாள். ஒரு பில்லும் கேட்டு வாங்கினேன்.

கிளம்பும்போது தாத்தா மூன்றாவதாக ஒன்றை அன்பளிப்பாக நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. இந்தியாவுக்குள் வரியில்லாமல் ஓர் ஆளுக்கு 2 லிட்டர். மூன்று பாட்டில் 2.25 லிட்டர். இந்தக் கணக்கு விமான நிலையத்தில்தான் மண்டையில் ஏறியது. அதைவிடப் பெரிய முட்டாள்தனம், அந்த மூன்றாவதை முதுகுப் பையில் வைத்திருந்தது. கையோடு விமானத்துக்குள் கொண்டுபோகும் பையில் 100 மி.லி.க்கு மேல் திரவம் கூடாது என்று தெரிந்தவன்தான், பையில் அது இருப்பதையே மறந்திருந்தேன். சோதனையில் எடுத்துத் தொட்டியில் போட்டார்கள். தாத்தாவின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சென்னையில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். வேட்டியில் சுற்றியிருந்ததைப் பிரித்த அதிகாரி, "என்னப்பா, வீட்ல காய்ச்சுன சாராயமா?" என்றார். ஒயின் என்று சொல்லி பில்லை நீட்டினேன். ஜிலேபி பிழிந்தது போன்ற ஜார்ஜிய எழுத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு லேபிளில் இருந்த 750-ஐ விரலால் தொட்டார், இரண்டையும் எண்ணினார், "சரி, போ."

மதுரையில் மாமா ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்ன மாப்ள, ஆறிப்போன கட்டன் சாயா மாதிரி துவர்க்குது?"

தோலோடு ஆறு மாதம் ஊறினால் துவர்க்காமல் என்ன செய்யும். இரண்டாவது பாட்டிலை அவரிடம் காட்டவில்லை.